பெரிய டிஷ் ஆன்டெனா: பொருத்துதலும் நுண்திருத்தமும் – வாசகர் கேள்வி பதில்

வீட்டிலேயே 8 அடி, 10 அடி டிஷ்களை நிறுவ முயலும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. வேறு செயற்கைக்கோளின் பெயர் குறிப்பிடப்படாத இடங்களில், கீழே வரும் கோணங்கள் அனைத்தும் கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையில் நிற்கும் ஜிசாட்-30 செயற்கைக்கோளின் சி பேண்டு (4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை) ஒளிபரப்புக்கு உரியவை.

கேள்வி: தொழிலை நிறுத்திவிட்ட கேபிள் ஆபரேட்டர் ஒருவரிடமிருந்து 8 அடி மெஷ் டிஷ் ஒன்றை வாங்கி, அதன் நான்கு துண்டுகளையும் இணைத்து மொட்டைமாடியில் நிறுத்தியிருக்கிறேன். சில சேனல்கள் நன்றாகத் தெரிகின்றன. எச்டி சேனல்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. எல்என்பியை (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கிப் பெருக்கும் கருவி) மாற்றிப் பார்த்தும் பயனில்லை. எங்கிருந்து சரிபார்க்கத் தொடங்க வேண்டும்?
– வாசகர், திருமங்கலம்

பதில்: எல்என்பியை இப்போதைக்கு மறந்துவிட்டு, டிஷ்ஷின் வடிவத்திலிருந்து தொடங்குங்கள். பிரித்து மாட்டப்பட்ட பழைய டிஷ்களில் காணப்படும் குறைகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. மீட்டரையும் ரிசீவரையும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அவை அந்தக் குறையைச் சுட்டிக்காட்டுவதில்லை.

சி பேண்டு அலையின் நீளம் 4 கிகாஹெர்ட்ஸில் 7.5 செ.மீ. டிஷ்ஷின் பரப்பு சரியான பரவளையத்திலிருந்து எவ்வளவு விலகினால் எவ்வளவு இழப்பு என்பதற்கு, ஆன்டெனா பொறியாளர் ஜான் ரூஸ் வகுத்த சூத்திரம் ஒன்று உண்டு. அதன்படி, பரப்பின் சராசரிப் பிழை 2.5 மி.மீ. இருந்தால் ஆற்றலில் ஏறத்தாழ 16 விழுக்காடு வீணாகும்; அதுவே 5 மி.மீ. ஆனால் சரிபாதி போய்விடும். பிழை இரு மடங்காகும்போது இழப்பு அதைவிட மிக வேகமாகப் பெருகுகிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் எச்டி சேனல்கள் மட்டும் உடைவதற்கும் காரணம் இதோடு தொடர்புடையதே: டிவிபி-எஸ்2 என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறையில் கியூபிஎஸ்கே 3/4 என்ற பண்பேற்றத்திற்கு, இரைச்சலைவிடச் சிக்னல் ஏறத்தாழ 4 டெசிபல் மேலே இருந்தால் போதும், எச்டி சேனல்களில் பெரும்பாலும் காணப்படும் 8பிஎஸ்கே 3/4 என்றால் ஏறத்தாழ 8 டெசிபல் வேண்டும். பாதி ஆற்றலை இழந்த டிஷ் முதல் வகையைக் காட்டும், இரண்டாவது வகையில் தடுமாறும்.

முதலில் நூல் சோதனையைச் செய்யுங்கள். டிஷ்ஷின் விளிம்பில் எதிரெதிரான இரு புள்ளிகளுக்கு இடையே ஒரு நூலை இழுத்துக் கட்டி, அதற்குச் செங்குத்தாக இன்னொரு நூலையும் கட்டுங்கள். இரண்டும் நடுவில் ஒன்றையொன்று மெல்லத் தொட வேண்டும். இடையில் இடைவெளி இருந்தாலோ, ஒரு நூல் மற்றொன்றை அழுத்தி வளைத்தாலோ, விளிம்பு ஒரே தளத்தில் இல்லை, டிஷ் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நூல்களை 45 பாகை தள்ளிக் கட்டி மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஒரே நிலையில் மட்டும் பார்த்தால் சில முறுக்கல்கள் தப்பிவிடும்.

முறுக்கல் இருந்தால் எல்லா நட்டுகளையும் விரலால் திருகும் அளவுக்குத் தளர்த்திவிடுங்கள். நான்கு துண்டுகளும் தங்கள் இடத்தில் தாமாக அமர்ந்த பிறகு, நடுத்தட்டிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கி, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்க வேண்டும். முதல் துண்டை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பதே இந்தக் கோணலுக்கு வழக்கமான காரணம். விளிம்பு கீழே வரும்படி மாடியில் கவிழ்த்து வைத்து இறுக்குவது வசதியானது. மழைநீர் வடிய மொட்டைமாடித் தளத்தைச் சற்றுச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். அந்தச் சரிவால் கெடுதல் இல்லை, மேடு பள்ளம்தான் கூடாது. ஆகவே இறுக்கி முடித்த பின் நூல் சோதனையை மீண்டும் செய்வது நல்லது.

அடுத்து ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். இரு நூல்களும் சந்திக்கும் இடத்திலிருந்து டிஷ்ஷின் நடுப்பரப்பு வரை உள்ள தூரமே ஆழம். விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் குவியத் தூரம் கிடைக்கும். 244 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. ஆழமும் கொண்ட டிஷ்ஷுக்கு அது 93 செ.மீ. ஆகிறது. மெஷ் நசுங்கியுள்ள இடங்களைச் சீர்செய்ய ஒட்டுப்பலகையில் ஓர் அச்சு வெட்டிக்கொள்ளலாம். மேற்சொன்ன அளவுள்ள டிஷ்ஷில், நடுவிலிருந்து 30 செ.மீ. தள்ளிய இடத்தில் பரப்பு 2.4 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும்; 60 செ.மீ. தள்ளி 9.7 செ.மீ., 90 செ.மீ. தள்ளி 21.8 செ.மீ., விளிம்பில் 40 செ.மீ. இந்த அச்சை டிஷ்ஷின் மேல் சுற்றி வைத்துப் பார்த்தால் எங்கே புடைத்திருக்கிறது, எங்கே அமுங்கியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். உள்ளங்கையால் பின்னாலிருந்து தள்ளிச் சரிசெய்யுங்கள், சுத்தியல் வேண்டாம்.

கேள்வி: எல்என்பியின் கழுத்தில் 0.34, 0.36, 0.38, 0.40 என்று கோடுகள் போட்டிருக்கின்றனவே, அவை எதற்காக?
– வாசகர், ஈரோடு

பதில்: அவை குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்கள். மேலே கண்ட டிஷ்ஷில் 93ஐ 244ஆல் வகுத்தால் 0.38 வருகிறது; ஆகவே, எல்என்பியைச் சுற்றியுள்ள வளையங்கள் கொண்ட தட்டை, அதாவது ஸ்கேலார் ரிங்கை, 0.38 என்ற கோட்டில் நிறுத்தி இறுக்க வேண்டும். ஆழமான டிஷ்ஷை ஃபீட், அதாவது எல்என்பியின் முன்னால் அலையை வாங்கும் குழாய்ப் பகுதி, அகன்ற கோணத்தில் பார்க்க வேண்டும், ஆழமில்லாததைக் குறுகிய கோணத்தில் பார்க்க வேண்டும். இந்தத் தட்டு முன்பின் நகர்வது அதற்காகவே. பார்வை டிஷ்ஷின் விளிம்பைத் தாண்டிப் போனால் பின்னாலிருக்கும் வெப்பமான தரையின் இரைச்சலும் உள்ளே வரும். குறுகிவிட்டாலோ, செலவழித்து வாங்கிய விளிம்புப் பகுதி பயனற்றுப் போகும்.

தட்டைச் சரிசெய்வதோடு, ஃபீட் இருக்கும் இடத்தையும் சரிபார்க்க வேண்டும். குவியப் புள்ளி ஃபீடின் வாய்க்குள் ஏறத்தாழ 6 மி.மீ. தள்ளி அமைவது வழக்கம். ஃபீடின் வாய் மையத்திலிருந்து விளிம்பின் நான்கு புள்ளிகளுக்கு டேப் பிடித்து அளந்து பாருங்கள். நான்கு அளவுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். தாங்கு கம்பிகளில் ஒன்று சற்று வளைந்திருந்தாலும் ஃபீட் ஒரு பக்கம் ஒதுங்கி, டிஷ் ஒரு திசையையும் ஃபீட் வேறொரு திசையையும் பார்க்க நேரிடும்.

கேள்வி: மதுரையில் உள்ள நண்பர் எல்என்பியை 26 பாகை சுழற்றி வைத்து நல்ல தரம் பெற்றதாகச் சொன்னார். சென்னையில் நானும் அவ்வாறே செய்தேன். சிக்னலின் அளவு குறையவில்லை, ஆனால் தரம் கெட்டுவிட்டது. ஒரே செயற்கைக்கோள்தானே?
– வாசகர், சென்னை

பதில்: செயற்கைக்கோள் ஒன்றுதான், பார்க்கும் இடம் வேறு. இந்தச் செயற்கைக்கோளின் கிடைத் தளவிளைவும் செங்குத்துத் தளவிளைவும் (அலைகள் அதிரும் இரு தளங்கள்) பூமத்திய ரேகையை ஒட்டி அமைந்தவை. நமக்கு நேர் தெற்கே செயற்கைக்கோள் இருந்தால் மட்டுமே அவை நம் தரையோடு ஒத்துப்போகும். கிழக்கிலோ மேற்கிலோ ஒதுங்கினால் அவை சாய்ந்து தெரியும். பூமத்திய ரேகைக்கு அருகில் போகப் போக இந்தச் சாய்வு விரைவாகக் கூடுகிறது. மதுரையின் தீர்க்கரேகைக்கும் செயற்கைக்கோளுக்கும் இடைவெளி ஏறத்தாழ 5 பாகை, சென்னைக்கு 3 பாகைக்கும் குறைவு. மதுரை தெற்கிலும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, மதுரையில் 26 பாகையாக இருக்கும் சாய்வு சென்னையில் ஏறத்தாழ 12 பாகைதான். 93.5 பாகையில் நிற்கும் செயற்கைக்கோள்களுக்கு இது மதுரையில் 57 பாகை, சென்னையில் 45 பாகை என்று மிகவும் பெரிதாகிவிடுகிறது.

அளவு குறையாமல் தரம் மட்டும் கெட்டதற்கு விளக்கம் இது. நீங்கள் 14 பாகை கூடுதலாகச் சுழற்றியிருக்கிறீர்கள். அதனால் உங்களுக்கு வேண்டிய சிக்னலில் 6 விழுக்காடுதான் குறைந்தது. மீட்டரில் அது தெரியாது. ஆனால் அதே 6 விழுக்காடு அளவுக்கு எதிர்த் தளவிளைவில் அதே அலைவரிசையில் வரும் வேறு ஒளிபரப்பு உள்ளே நுழைந்தது. வேண்டியதைவிட 12 டெசிபல் மட்டுமே தாழ்ந்த இந்த இடையூறு, 8பிஎஸ்கே ஒளிபரப்பை வருத்தப் போதுமானது. ரிசீவர் 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்தும் 18 வோல்ட் அனுப்பினால் கிடையும் தேர்ந்தெடுக்கப்படும். இரண்டிலும் பலவீனமான சேனல் ஒவ்வொன்றை வைத்துக்கொண்டு, 2 அல்லது 3 பாகையாகத் திருப்பி, இரண்டுக்கும் பொதுவான உச்சத்தில் நிறுத்துங்கள். டிஷ்ஷின் பின்னால் நின்று செயற்கைக்கோளை நோக்கும்போது, நமக்குக் கிழக்கில் இருப்பவற்றுக்கு இடஞ்சுழியாகவும் மேற்கில் இருப்பவற்றுக்கு வலஞ்சுழியாகவும் சுழற்ற வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் இது தலைகீழாகத் தெரியும். பலர் குழம்புவது இங்கேதான்.

கேள்வி: கைப்பேசியின் திசைகாட்டியை வைத்து மிகக் கவனமாகத் தென்கிழக்கைக் கண்டுபிடித்தும் சிக்னல் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பாகையாகத் திருப்பித் தேடிவிட்டேன். 8 அடி டிஷ்ஷுக்கு இன்னும் துல்லியமான திசைகாட்டி தேவையா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: தேவையில்லை. நீங்கள் எங்கே மிகக் கவனமாக இருந்தீர்களோ, அங்கே அவ்வளவு கவனம் வேண்டியதில்லை. கவனம் வேண்டிய இடம் வேறு. தமிழ்நாட்டில் பெரிய டிஷ் நிறுவுவோர் அனைவரும் மனத்தில் கொள்ள வேண்டியது என்று ஒன்றைச் சொல்வதானால், இதைத்தான் சொல்வேன்.

கோவில்பட்டியிலிருந்து இந்தச் செயற்கைக்கோளின் திசைக் கோணம் 151 பாகை, அதாவது நேர் தெற்கிலிருந்து கிழக்காக 29 பாகை. ஏற்றக் கோணம் 77.6 பாகை, ஏறக்குறைய தலைக்கு மேல். 8 அடி டிஷ்ஷின் கற்றை அகலம், அதாவது அது வானத்தில் ஒரே நேரத்தில் பார்க்கும் அகலம், சி பேண்டில் 2 பாகையைச் சற்றே தாண்டும். ஆனால் இவ்வளவு உயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் டிஷ்ஷைக் கம்பத்தின் மேல் 10 பாகை திருப்பினாலும், வானத்தில் அதன் பார்வை ஏறத்தாழ 2 பாகைதான் நகரும். ஆகவே திசையில் நான்கைந்து பாகை பிழை இருந்தாலும் சிக்னல் கிடைத்துவிடும். ஏற்றக் கோணத்தில் அப்படி எந்தச் சலுகையும் இல்லை. அங்கே ஒரு பாகை பிழை என்றால் வானத்திலும் ஒரு பாகை பிழையே. வட நாடுகளுக்காக எழுதப்பட்ட நிறுவல் கையேடுகளில் திசைக்கே முதலிடம் தரப்படுவதால் இந்தக் குழப்பம் நேர்கிறது.

எனவே, முதலில் கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். தூக்குக்குண்டையோ ரசமட்டத்தையோ ஒன்றுக்கொன்று செங்கோணமான இரு பக்கங்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்ப்பது போதாது. கம்பம் ஒரு பாகை சாய்ந்திருந்தால், டிஷ்ஷைத் திருப்பத் திருப்ப ஏற்றக் கோணமும் உங்களுக்குத் தெரியாமலே மாறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பாகையாகத் தேடியும் அகப்படாததற்கு இது காரணமாக இருக்கக்கூடும்.

பிறகு ஏற்றக் கோணம். விளிம்பின் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை மேலிருந்து கீழாக வைத்து, அதன் மேல் கோணமானியை வைத்தால், கிடைமட்டத்திலிருந்து 12.4 பாகை காட்ட வேண்டும். கோணமானி இல்லையென்றால் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும்: விளிம்பின் மேல் நுனி, கீழ் நுனியைவிட 52 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். இதில் 1 செ.மீ. வேறுபாடு கால் பாகைக்குச் சமம் என்பதால், சாதாரண டேப்பே இங்கே நல்ல துல்லியத்தைத் தருகிறது.

திசையைப் பொறுத்தவரை, கைப்பேசியைக் கம்பத்தின் அருகில் வைத்துப் பார்க்காதீர்கள். இரும்புக் குழாயும் தளத்துக்குள் இருக்கும் கம்பிகளும் காந்த ஊசியைத் திருப்பிவிடும். சில மீட்டர் விலகி நின்று, 151 பாகையில் தொலைவில் தெரியும் ஒரு தண்ணீர்த் தொட்டியையோ கோபுரத்தையோ குறித்துக்கொண்டு, டிஷ்ஷை அதை நோக்கித் திருப்புங்கள். ரிசீவரில் எல்என்பி அலைவெண் 5150 என்று இருக்கட்டும். டிஜிட்டல் ரிசீவர் ஓர் ஒளிபரப்பைப் பிடிக்கச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், சிறிது திருப்பி, நிறுத்தி, காத்திருந்து மீண்டும் திருப்ப வேண்டும். பிடித்தவுடன் சேனல் பட்டியலைப் பார்த்து, அது நீங்கள் தேடிய செயற்கைக்கோள்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிடைத்த பின் செய்ய வேண்டிய நுண்திருத்தத்தில் உச்சத்தைத் தேடி அலைய வேண்டாம். உச்சியில் கற்றை தட்டையாக இருப்பதால் சரியான இடம் எது என்று மீட்டர் சொல்லாது. மாறாக, தரம் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு இறங்கும் வரை ஒரு பக்கம் திருப்பிக் குழாயில் ஒரு கோடு போடுங்கள். மறுபக்கம் அதே எண்ணுக்கு இறங்கும் வரை திருப்பி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே நிறுத்துங்கள். ஏற்றக் கோணத்துக்கும் இதே முறைதான். இறுதியில், டிஷ்ஷின் விளிம்பை விரல்களால் மேலும் கீழும் இடமும் வலமும் மெல்ல அழுத்திப் பாருங்கள். எந்தப் பக்கம் அழுத்தினாலும் தரம் குறைந்தால் வேலை முடிந்தது. ஏதோ ஒரு பக்கம் அழுத்தும்போது கூடினால், இன்னும் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. போல்ட்டுகளை இறுக்கும்போது டிஷ் நகரும் என்பதால், மீட்டரைப் பார்த்தபடியே இரு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

கேள்வி: கடற்கரையை ஒட்டிய எங்கள் ஊரில் 8 அடி டிஷ் புயலைத் தாங்குமா? ஃபைபர் டிஷ் வாங்கலாமா, மெஷ் வாங்கலாமா? மாடியில் துளை போடாமல் நிறுத்த வழி உண்டா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: 2018 நவம்பர் 16 அன்று உங்கள் பகுதியில் கரையைக் கடந்த கஜா புயலில் மணிக்கு 120 கி.மீ. வரை காற்று வீசியது. அந்த வேகத்தில், காற்றுக்கு நேரெதிராக நிற்கும் 8 அடி டிஷ்ஷின் மேல், வடிவத்துக்கான பெருக்கத்தைச் சேர்க்காமலேயே 300 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்கு நிகரான விசை தள்ளும். நல்லவேளையாக, உங்கள் ஊரில் டிஷ் ஏறத்தாழ 77 பாகை உயரத்தைப் பார்ப்பதால் காற்று பெரும்பாலும் அதன் ஓரத்தில்தான் மோதும். பெரிய வானொலித் தொலைநோக்கிகளைப் பலத்த காற்றின்போது தலைக்கு மேல் நோக்கித் திருப்பி நிறுத்துவார்கள். நம் டிஷ்கள் அந்த நிலைக்கு அருகிலேயே எப்போதும் இருக்கின்றன. ஆனாலும் விளிம்பின் அடியில் நுழையும் சூறைக்காற்று டிஷ்ஷை மேலே தூக்க முயலும். ஆகவே, அழுத்தத்தைவிடத் தூக்குவிசையை எண்ணியே அடித்தளம் அமைய வேண்டும்.

தரையில் இடமிருந்தால் தரையே சிறந்தது. 3 அல்லது 4 அங்குல சி கிளாஸ் ஜிஐ குழாயை, நான்கடி ஆழக் குழியில் கான்கிரீட் இட்டு நிறுத்துங்கள். குழாயின் அடியில் குறுக்குக் கம்பி ஒன்றைப் பற்றவைத்துவிட்டால், காற்றில் குழாய் கான்கிரீட்டுக்குள் சுழன்று திசை மாறாது. ஒரு வாரம் நீராற்றிய பிறகே டிஷ்ஷை ஏற்ற வேண்டும். மாடியில் துளை வேண்டாம் என்றால், தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் மேலாக அமையும் இரும்புச் சட்டகத்தில் கான்கிரீட் கட்டைகளை எடையாக ஏற்றலாம். எவ்வளவு எடை என்பதையும் கட்டடம் அதைத் தாங்குமா என்பதையும் கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவரில் மட்டும் கட்டாதீர்கள்.

மெஷ்ஷின் துளைகள் காற்றைக் கொஞ்சம் விடும். புயல் வேகத்தில் அதை நம்பி அடித்தளத்தைக் குறைக்கக் கூடாது. இருந்தும் நான் மெஷ்ஷையே பரிந்துரைப்பேன், காரணம் மழை. இவ்வளவு நிமிர்ந்து பார்க்கும் ஃபைபர் டிஷ் நீர் தேங்கும் பாத்திரமாகிவிடுகிறது. அதன் சாய்வு 13 பாகை, விளிம்பின் சரிவோ 33 பாகை; நீர் தானாக வழிந்தோட வழியில்லை. வடிகால் துளையைப் பலர் டிஷ்ஷின் நடுவில் போடுகிறார்கள், அது பயன் தராது. சாய்ந்திருக்கும் கிண்ணத்தின் மிகத் தாழ்ந்த புள்ளி நடுவில் இருப்பதில்லை. 93 செ.மீ. குவியத் தூரமுள்ள டிஷ்ஷில் அது நடுவிலிருந்து ஏறத்தாழ 43 செ.மீ. தள்ளி, செயற்கைக்கோள் இருக்கும் பக்கமாக அமையும். ஒரு குவளை நீரை ஊற்றிப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். அங்கே 10 மி.மீ. துளை ஒன்று போடுங்கள், 75 மி.மீ. அலைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஃபைபருக்குள் இருக்கும் உலோக வலை துருப்பிடிக்காதபடி துளையின் ஓரத்தைப் பூசி அடைத்துவிடுங்கள். தேங்கிய நீர் கொசுக்களை வளர்க்கும் என்பதால், இது தொலைக்காட்சிப் படத்தோடு முடிந்துவிடும் விஷயம் அல்ல.

கேள்வி: மார்ச் மாதத்தில் சில நாள்கள் நண்பகலில் மட்டும் படம் சில நிமிடங்கள் மறைகிறது. டிஷ்ஷில் பழுதா?
– வாசகர், விருதுநகர்

பதில்: பழுதன்று. அந்த நாள்களில் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளின் பின்னால் கடந்து செல்கிறது. அதன் வானொலி இரைச்சல் சிக்னலை மூழ்கடிக்கிறது. உங்கள் ஊரில் மார்ச் 16ஐ ஒட்டியும் செப்டம்பர் 27ஐ ஒட்டியும், நண்பகல் 12 மணி வாக்கில், சில நாள்கள் இது நிகழும். இந்த இடையூறு ஒரு நல்ல வாய்ப்பும்கூட. படம் மறையும் அந்த நேரத்தில் டிஷ்ஷின் மேல் விழும் எல்என்பியின் நிழலைப் பாருங்கள். நிழல் நடுமையத்தில் விழுந்தால் டிஷ்ஷும் ஃபீடும் ஒரே அச்சில் இருக்கின்றன. ஒதுங்கி விழுந்தால், எந்தப் பக்கம் எவ்வளவு பிழை என்பதைச் சூரியனே காட்டிக்கொடுக்கிறது. பளபளப்பான வண்ணம் பூசிய ஃபைபர் டிஷ் வைத்திருப்போர், அந்த நாள்களில் குவியும் வெப்பத்தில் எல்என்பியின் பிளாஸ்டிக் மூடி உருகக்கூடும் என்பதால், மங்கலான வண்ணமே பூச வேண்டும்.

கேள்வி: பல செயற்கைக்கோள்களைப் பார்க்க மோட்டார் டிஷ் வைக்க விரும்புகிறேன். முத்தோரையில் உள்ள வானொலித் தொலைநோக்கியும் இதே முறையில் இயங்குவதாக ஒருவர் சொன்னார், உண்மையா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: அடிப்படைத் தத்துவம் ஒன்றுதான், உங்கள் ஊரில் இருப்பது அதன் மிக அழகான எடுத்துக்காட்டு. வானொலி வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் வடிவமைக்கப்பட்டு 1970இல் இயங்கத் தொடங்கிய அந்தத் தொலைநோக்கி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பரவளைய உருளை. அவ்விடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. வடக்கு தெற்காக அதே அளவு சரிவுள்ள மலைச்சரிவைத் தேடிக் கண்டுபிடித்து அதன் மேல் கட்டியதால், தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினாலே விண்பொருளைக் கிழக்கிலிருந்து மேற்காகத் தொடர்ந்து செல்ல முடிகிறது.

மோட்டார் டிஷ்ஷைத் தாங்கி ஒரே அச்சில் சுழற்றும் போலார் மவுண்ட் செய்வதும் இதுவே. அதன் அச்சு கிடைமட்டத்திலிருந்து உங்கள் அட்சரேகை அளவுக்கு, அதாவது உதகையில் ஏறத்தாழ 11.4 பாகை, வடக்கு நோக்கி உயர்ந்திருக்க வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு: விண்மீன்கள் கணக்கிட முடியாத தொலைவில் இருக்கின்றன, செயற்கைக்கோள்களோ பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கி.மீ. உயரத்தில் அருகிலேயே இருக்கின்றன. வடக்கே நிற்கும் நமக்கு அவை சற்றுத் தெற்கே இறங்கித் தெரிவதால், அச்சுக்குச் செங்குத்தான நிலையிலிருந்து டிஷ்ஷைக் கூடுதலாக 2 பாகை தெற்கே சாய்க்க வேண்டும். டிஷ்ஷைத் திருப்ப 36 வோல்ட் ஆக்சுவேட்டர் (நீண்டு சுருங்கும் மோட்டார் தண்டு) ஒன்று போதும். அது முழுதும் நீளும்போதும் சுருங்கும்போதும் டிஷ்ஷோ ஃபீடோ எதன் மேலும் இடிக்காதபடி எல்லை சுவிட்சுகளை முதலிலேயே அமைத்துவிடுங்கள். இந்த முறையில் எல்என்பியின் சாய்வும் டிஷ்ஷோடு சேர்ந்தே திரும்புவதால், நேர் தெற்கு நிலையில் அதை ஒருமுறை சரியாக வைத்தால் போதும்.

கோவில்பட்டி வாசகருக்குச் சொன்ன திசைச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது. அச்சு உண்மையான வடக்கு தெற்கிலிருந்து விலகினால், உச்சியில் உள்ள செயற்கைக்கோள்கள் நன்றாகவே வரும், கிழக்கு மேற்கு ஓரங்களில் உள்ளவை விலகிப் போகும். திசைகாட்டிக்குப் பதிலாக, கோயில் கட்டும் சிற்பிகள் சங்கு நட்டுத் திசை காணும் முறையைக் கையாளுங்கள். சமதளத்தில் செங்குத்தாக ஒரு கோலை நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் புள்ளியையும் பிற்பகலில் தொடும் புள்ளியையும் குறியுங்கள். இரண்டையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்து வடக்கு தெற்கு. இரும்பும் காந்தமும் இதைப் பாதிக்காது.

கேள்வி: கோழிவலையைக் கொண்டு டிஷ் செய்யலாம் என்று படித்தேன். என் மெஷ் டிஷ்ஷில் டிடி ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பையும் பார்க்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கோழிவலை டிஷ் உண்மையில் இருந்தது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு நடந்த சைட் என்ற செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனைத் திட்டத்தில், ஆந்திரம், கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களில் 3 மீட்டர் கோழிவலை டிஷ்கள் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளிலிருந்து நிகழ்ச்சிகளைப் பெற்றன. ஆனால் அந்த ஒளிபரப்பு 860 மெகாஹெர்ட்ஸில் வந்தது. அலைநீளம் 35 செ.மீ. வலைத்துளை அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. சி பேண்டுக்கு அது 7 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுவதால் கோழிவலை உதவாது. 93.5 பாகையில் உள்ள ஜிசாட்-15 வழியாகக் கேயு பேண்டில் வரும் டிடி ஃப்ரீ டிஷ்ஷின் அலைநீளமோ 3 செ.மீ.கூட இல்லை. 2.5 மி.மீ. சராசரிப் பிழையுள்ள டிஷ் அங்கே கால் பங்கு ஆற்றலைத்தான் குவிக்கும், துளைகள் வழியாகவும் ஒரு பகுதி கசியும். பரப்பு பெரிது என்பதால் படம் வந்தாலும் வரலாம், 60 செ.மீ. சிறு டிஷ் போதுமான வேலைக்கு இதை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் தெருவில் புதிய கைப்பேசிக் கோபுரம் வந்த பிறகு, சிக்னல் அளவு முன்னைவிட அதிகமாகக் காட்டுகிறது, தரம் பூஜ்யம். டிஷ்ஷை மீண்டும் திருப்பிப் பார்க்க வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: டிஷ்ஷை அசைக்க வேண்டாம். அளவு கூடித் தரம் இல்லாமல் போவது, எல்என்பி வேறோர் அலையால் திணறடிக்கப்படுகிறது என்பதற்கு அறிகுறி. 2022 ஏலத்துக்குப் பிறகு 5ஜி சேவைக்கு 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை பயன்படுத்தப்படுகிறது. சி பேண்டின் வழக்கமான பகுதி 3700இல் தொடங்குகிறது. பழைய எல்என்பிகளில் பல 3400 முதலே கேட்கக்கூடியவை. 36,000 கி.மீ. தொலைவிலிருந்து வரும் மெல்லிய சிக்னலுக்காக வடிவமைக்கப்பட்ட பெருக்கிக்குள், சில நூறு மீட்டரிலிருந்து வரும் கோபுரத்தின் அலை நுழைந்தால் அது செயலிழந்துவிடும். ரிசீவருக்கு முன்னால் கேபிளில் வடிகட்டி வைத்துப் பயனில்லை, ஏனெனில் கெடுதல் அதற்கு முன்பே எல்என்பிக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

3700 முதல் 4200 வரை மட்டும் ஏற்கும், உள்ளேயே வடிகட்டி அமைந்த எல்என்பிகள் கடைகளில் கிடைக்கின்றன, அதிலிருந்து தொடங்குங்கள். கோபுரம் மிக அருகில் இருந்தால் அதுவும் போதாமல் போகலாம். அப்போது ஃபீட் தனியாகவும் எல்என்பி தனியாகவும் உள்ள வகையை வாங்கி, இரண்டுக்கும் நடுவே உலோக அலைவழி வடிகட்டியைப் பொருத்த வேண்டும்; ஃபீடும் எல்என்பியும் ஒன்றாக வார்க்கப்பட்டவற்றில் அதைச் செருக இடமிருக்காது. இன்னொரு வழியும் உண்டு. நம் டிஷ்கள் மேல்நோக்கியே பார்ப்பதால், கோபுரத்தின் அலை பக்கவாட்டில்தான் நுழைகிறது. மாடியிலிருந்து இறக்கி, கோபுரத்துக்கும் டிஷ்ஷுக்கும் இடையே வீட்டுச் சுவர் வரும்படி தரையில் நிறுத்தினால், செயற்கைக்கோளை மறைக்காமலேயே இடையூறு வெகுவாகக் குறையும். இடம் மாற்ற இயலாவிட்டால், கோபுரம் இருக்கும் பக்கத்தில் ஃபீடின் உயரத்துக்கு மேல் வரும்படி நெருங்கிய கம்பிவலைத் தடுப்பு ஒன்றை நிறுத்தி, மீட்டரில் அளவு இறங்குகிறதா, தரம் ஏறுகிறதா என்று பாருங்கள்.